தொப்பிக்குக் கீழே ஒரு நெற்றி

கோவில்பட்டியில் மெயின் ரோட்டை விட்டு ஸ்டேஷன் பக்கம் திரும்பும் சந்துக்குள் இருக்கிறது ரத்தினம் ஸ்டூடியோ. உள்ளே நுழைந்ததும் இடது கைப்பக்கச் சுவரில் நாலு ஆணி, நாலு ஆணியிலும் நாலு தொப்பி. உயிரோடு இருக்கிறவர்களுக்குத் தொப்பி மாட்டிவிடுவதும் செத்துப்போனவர்களுக்குத் தொப்பியைக் கழற்றிவிடுவதும்தான் ரத்தினத்தின் பிழைப்பு. கேட்க வேடிக்கையாகத்தான் இருக்கும். அந்த வேடிக்கை பக்கத்துக் கடைக்காரன் தலையில் போய் விடிந்தது.

தொப்பிகளைக் கொண்டுவந்தவர் ரத்தினத்தின் அப்பா தேவஆசீர்வாதம். மணியாச்சி ஜங்ஷனில் வேலை பார்த்து ரிட்டயரான ஆங்கிலோ இந்திய இஞ்சின் டிரைவர் ஒருவர் வீட்டைக் காலி செய்து ஊரைவிட்டுப் போனபோது, கட்டிலுக்கும் பீரோவுக்கும் ஆட்கள் முண்டியடித்தார்கள். தொப்பிப் பெட்டியைச் சீண்ட நாதியில்லை. தேவஆசீர்வாதம் அதைத் தோளில் தூக்கி ரயிலேறிவிட்டார். ஸ்டூடியோவுக்கு வந்த, காடுகரை பார்க்கிற சம்சாரிகள் ஒவ்வொன்றுக்கும் அவரவர் வாய்க்கு வந்த பேரை வைத்தார்கள். துரைத் தொப்பி, சட்டித் தொப்பி, ஓலைத் தொப்பி, ரிப்பன் தொப்பி.

தொப்பியை மாட்டினால் மட்டும் படம் தேறாது. கேமராவைக் கண்டதும் நம் ஆட்களின் முகம் கோர்ட்டில் கூண்டேறின மாதிரி விறைத்துக்கொள்ளும். அதை இளக்க, தொப்பியின் பூர்வீகத்தைச் சொல்லிக்கொண்டே படம் எடுப்பது அப்பாவின் பழக்கம். மகனும் அதையே பிடித்துக்கொண்டார். துரைத் தொப்பியைத் தட்டிக் காட்டி, "இது உள்ளுக்குள்ள என்னன்னு நெனைக்க? நெட்டி. கம்மாயில கெடக்கே, அதே நெட்டி. நம்ம வெயிலு பட்டா மூளை கொதிச்சிரும்னு வெள்ளைக்காரன் நூறு வருசம் பயந்து இதுக்குள்ள ஒளிஞ்சிருக்கான்!" என்பார். வெயிலில் பிறந்து வெயிலில் காய்ந்தவன் அதைக் கேட்டால் சிரிக்காமல் இருப்பானா? அந்தச் சிரிப்பு முகத்தில் இருக்கும்போதே படம் விழுந்துவிடும்.

சட்டித் தொப்பிக்கு வேறு கதை. இங்கிலாந்தில் பெரிய பண்ணைக்காரர்களின் தோட்டங்களைக் குதிரையில் சுற்றிவந்த காவல்காரர்களின் தலையில் மரக்கிளை அடிக்காமல் இருக்கச் செய்தது. கெட்டியாகவும் உருண்டையாகவும் இருந்ததால் ஆபீஸ் கிளார்க் போட்டான், பிறகு பேங்க் முதலாளியே போட்டான். ஓலைத் தொப்பிக்குப் பேர் பனாமா, ஆனால் முடைகிறவர்கள் ஈக்வடார்காரர்கள். "செய்தவன் ஒருத்தன், பேரு வாங்குனவன் இன்னொருத்தன். நம்ம ஊரு மாதிரிதாம்லே" என்று ரத்தினம் சொல்லும்போது ஓலைத் தொப்பிக்குக் கீழே ஒரு கசந்த புன்னகை வரும். அதுவும் படத்துக்கு நன்றாகவே இருக்கும்.

இந்தக் கரிசல்காட்டில் ஒருவன் எதற்குத் தொப்பி போட்டுப் படமெடுக்க வேண்டும் என்று படித்த ஆட்கள் நக்கலடிப்பார்கள். அவர்களுக்கு என்ன தெரியும்? நம் ஆள் தலையில் சும்மாடு ஏறும், சும்மாட்டுக்கு மேலே பருத்தி மூடை ஏறும். ஓய்ந்த நேரத்தில் துண்டு ஏறும். எதிரே பெரிய மனுஷன் வந்தால் அந்தத் துண்டையும் அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்க வேண்டியிருந்தது. அப்படி அவிழ்த்து அவிழ்த்துப் பழகிய தலை, யாரும் கழற்று என்று சொல்ல முடியாத ஒன்றை ஒரே ஒரு தரம் வைத்துக்கொண்டு நேராகப் பார்த்தது என்றால் அதில் நக்கலுக்கு என்ன இருக்கிறது!

பிறகு ஆளுக்கொரு செல்போன் வந்தது. உயிரோடு இருக்கிறவர்கள் ஸ்டூடியோப் படியேறுவது நின்றது. செத்தவர்கள் மட்டும் வந்துகொண்டிருந்தார்கள். ஒரு வீட்டில் சாவு விழுந்தால் முதலில் ஓடுவது கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸுக்கு, அடுத்தது சுவரில் மாட்டும் பிரேம் போட்ட படத்துக்கு. செல்போனில் இருக்கிற படங்களில் பாதி முகம்தான் தெரியும், மீதியை யாராவது பேரப்பிள்ளை மறைத்திருக்கும். ஆதார் அட்டைப் படத்தைச் சொல்லவே வேண்டாம், போலீஸ் பிடித்துக்கொண்டுவந்த முகம். கடைசியில் டிரங்குப் பெட்டியைக் குடைந்து, இருபது முப்பது வருஷத்துக்கு முன்னால் ரத்தினமோ அவர் அப்பாவோ எடுத்த படத்தைத்தான் கொண்டுவருவார்கள். அதில் அந்த மனுஷன் தொப்பியும் சிரிப்புமாக இருப்பான்.

"தொப்பிய மட்டும் எடுத்துருங்க அண்ணாச்சி." எல்லாரும் ஒரே வாசகத்தைத்தான் சொல்வார்கள். சுவரில் மாலையோடு இருக்கிறவருக்கு நெற்றியில் திருநீறு வைக்க வேண்டும், பொட்டு வைக்க வேண்டும். கிறிஸ்தவர்கள் என்றால், ஆண்டவர் முன்னால் போய்விட்டவன் தலையில் தொப்பி என்ன தொப்பி என்பார்கள். எப்படியானாலும் தொப்பியைக் கழற்றியாக வேண்டும். கழற்றினால் அங்கே ஒன்றும் இருக்காது. தொப்பிக்குக் கீழே இருந்த நெற்றியும் முடியும் எந்தப் படத்திலும் விழவில்லையே! அதை ரத்தினம்தான் வைக்க வேண்டும்.

ஆரம்பத்தில் அவர் ஒழுங்காகத்தான் செய்தார். இறந்தவரின் தம்பியையோ மகனையோ உட்காரவைத்து நெற்றியைப் படமெடுத்து, கம்ப்யூட்டரில் முகத்தோடு சேர்த்து, நரை கூட்டி, சுருக்கம் கூட்டி இழைத்துவிடுவார். வம்சத்து நெற்றி என்பதால் பொருந்திக்கொள்ளும்.

ஒருநாள் பிணத்தை வீட்டில் போட்டுக்கொண்டு ஒரு வீட்டார் அவசரப்படுத்தினார்கள். இறந்தவருக்குத் தம்பியும் இல்லை, மகனும் இல்லை. அப்போது கிளாஸோடு உள்ளே வந்தான் பக்கத்து டீக்கடை சுடலைராஜ். நல்ல அகலமான நெற்றி. அடர்த்தியான முடி. இடது பக்கம் முன்சுழி ஒன்று கொத்தாக எழும்பி நிற்கும். "ஏலே சுடலை, ஒரு நிமிசம் உக்காரு. கேமராவ டெஸ்ட் பண்ணணும்" என்று ரத்தினம் அவனை ஸ்டூலில் உட்காரவைத்து ஒரு படம் எடுத்தார். அன்று மாலைக்குள் அந்த நெற்றி வேறொருவர் முகத்தில் ஏறி, மாலை வாங்கி, சுவரேறிவிட்டது.

வீட்டார் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்படியே இருக்கு அண்ணாச்சி" என்றார்கள். அந்த வார்த்தைதான் ரத்தினத்தைக் கெடுத்தது. அடுத்த சாவுக்கும் அதே நெற்றி. அதற்கடுத்ததுக்கும் அதே. தம்பியைக் கூப்பிடு, மகனைக் கூப்பிடு என்று அலையும் வேலை மிச்சம். முன்சுழியைக் கொஞ்சம் படிய வைப்பார், அவசரமென்றால் அதையும் விட்டுவிடுவார். சுவருக்கு அந்தப் பக்கம் நின்று டீ ஆற்றிக்கொண்டிருந்தவனுக்கு இடைசெவலிலும் புதூர்ப் பக்கத்துக் கிராமங்களிலும் தன் நெற்றிக்கு விளக்கேற்றுகிறார்கள் என்று சொப்பனத்தில்கூடத் தெரியாது.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். உயிரோடு இருக்கிறவன் படத்துக்கு மாலை போட இந்தப் பக்கத்தில் எவனும் துணியமாட்டான். விளையாட்டுக்குப் போட்டாலும் பெற்றவள் விளக்குமாற்றை எடுப்பாள். ரத்தினத்துக்கு இது தெரியாதா? நன்றாகவே தெரியும். 'நாம சர்ச்சுக்குப் போறவங்க, நமக்கு இந்தச் சகுனமெல்லாம் கிடையாது. அதுவும் முழுப்படமா என்ன, வெறும் நெற்றிதானே' என்று தன்னைத்தானே தட்டிக்கொடுத்துக்கொண்டார். தப்பு செய்கிறவனுக்குச் சமாதானம் சொல்ல வெளியாள் எதற்கு?

சுடலைராஜின் மனைவி முத்துச்செல்வி தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்க்கிறவள். கூட வேலை பார்க்கிற ஒருத்தியின் மாமனார் இறந்து, பதினாறாம் நாள் காரியத்துக்குப் புதூர்ப் பக்கம் போயிருந்தாள். கும்பிட்டுத் திருநீறு எடுக்கக் கையை நீட்டியவள் அப்படியே நின்றுவிட்டாள். படத்தில் இருந்த முகம் யாரோ ஒரு கிழவருடையது. நெற்றி அவள் புருஷனுடையது. சனிக்கிழமைதோறும் எண்ணெய் வைத்துத் தேய்த்துவிடுகிற நெற்றி அவளுக்குத் தெரியாதா? எத்தனை எண்ணெய் வைத்தாலும் படியாத அந்த முன்சுழி, சந்தன மாலைக்கு மேலே எழும்பி நின்றது. வெளியே வந்தால் எதிர்வீட்டுச் சுவரிலும் அதே நெற்றி. மோர்கூடக் குடிக்காமல் பஸ்ஸேறினாள்.

நேராக ஸ்டூடியோவுக்குத்தான் வந்தாள்.

"என்ன தாயி, முகமெல்லாம் ஒரு மாதிரி இருக்கு. உக்காரு. டீ சொல்லட்டா?" என்றார் ரத்தினம்.

"டீ போடுதவியளத்தான் நீங்க ஊரு ஊருக்குச் சுவத்துல தொங்க விட்டிருக்கீங்களே அண்ணாச்சி."

ரத்தினத்துக்கு விளங்கிவிட்டது. இருந்தாலும் சிரித்து மழுப்பப் பார்த்தார். "அது வெறும் படம்லா தாயி. பேப்பரும் மையும். நெத்தி யாருக்குத்தான் இல்ல? எங்க ஆளுகளுக்கு இந்தச் சகுனம் கிகுனம் எல்லாம் கிடையாது."

"கிடையாதா?" முத்துச்செல்வி சுவரைப் பார்த்தாள். பிரேமுக்கு மாதிரி காட்டுவதற்காக ரத்தினம் தன் மனைவி சுஜாவின் படத்தைப் பெரிதாகப் போட்டு மாட்டியிருந்தார். கல்யாணமான புதிதில் எடுத்தது. பக்கத்திலேயே விற்பனைக்குச் சந்தன மாலைகள் தொங்கின. அதில் ஒன்றை உருவி அவரிடம் நீட்டினாள். "அந்தா இருக்காவளே உங்க வீட்டம்மா. இத அவிய படத்துல போடுங்க. இங்கன, என் கண்ணு முன்னால. ஒரு நாள் கெடக்கட்டும். போட்டுட்டீங்கன்னா நான் ஒரு வார்த்த பேசாமப் போயிருதேன்."

ரத்தினம் மாலையை வாங்கினார். ஒரு எட்டு வைத்துப் படத்துக்கு முன்னால் போய் நின்றார். கை தோள் உயரம்வரை போனது. அதற்குமேல் ஏறவில்லை. சுஜா படத்துக்குள் சிரித்துக்கொண்டிருந்தாள். வீட்டில் அவள் இந்நேரம் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருப்பாள் என்ற நினைப்பு வந்தது. மாலையை மேஜையில் வைத்துவிட்டார்.

"உங்க கைக்குத் தெரியுது அண்ணாச்சி. உங்களுக்குத்தான் தெரியல" என்றாள் முத்துச்செல்வி. பிறகுதான் அழுதாள். "அவியளுக்கு ஒரு மாசமாக் காலு வீங்குது. ராத்திரி மூச்சு வாங்குது. டாக்டரு கிட்னிங்காரு. நான் யாரு வீட்டுப் படிய மிதிச்சு எம் புருசன் நெத்திய இறக்குங்கன்னு கேக்க முடியும்? நீங்கதான் ஏத்துனீங்க, நீங்களே இறக்குங்க. ஒண்ணு விடாம இறக்கிருங்க."

"இறக்கிருதேன் தாயி" என்றார் ரத்தினம். அந்த நேரத்தில் அவர் உண்மையாகத்தான் சொன்னார்.

வேலையை ஒழுங்காகவும் தொடங்கினார். பழைய படங்களை எடுத்து, இறந்தவர்களின் மகன்கள் ஃபேஸ்புக்கில் போட்டிருந்த முகங்களைத் தேடிப் பிடித்து, அவரவர் வம்சத்து நெற்றியை வைத்துப் புதுப் படங்கள் தயார் செய்தார். படம் வெளிறியிருக்கும், புதிதாக மாற்றித் தருகிறேன் என்று போன ஒன்றிரண்டு வீடுகளில் வாங்கி மாட்டிக்கொண்டார்கள். அந்தத் தைரியத்தில் இடைசெவலுக்குப் போனார்.

அங்கே மாயகிருஷ்ணன் என்கிற சம்சாரியின் வீடு. சட்டித் தொப்பி போட்டுப் படமெடுத்த ஆள், செத்துச் சில வருஷமாகிறது. அவர் மனைவி சொர்ணத்தாய் அப்போதுதான் உளுந்தங்காட்டிலிருந்து வந்து கைகால் கழுவிக்கொண்டிருந்தாள். ரத்தினம் பையிலிருந்து புதுப் படத்தை எடுத்துக் கொடுத்தார். திருப்பூரில் இருக்கும் மூத்த மகனின் நெற்றி அதில் இருந்தது. மாயகிருஷ்ணனின் சொந்த நெற்றி எப்படி இருந்திருக்குமோ கிட்டத்தட்ட அப்படி.

சொர்ணத்தாய் படத்தை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தாள். "இது யாரு?" என்றாள்.

"யாரா? உங்க வீட்டுக்காரர்தான்மா."

"முகம் அவிய முகந்தான். ஆனா ஆளு அவிய இல்லையே." படத்தை அவரிடமே திருப்பிக் கொடுத்தாள். உள்ளே சுவரில் இருந்த பழைய படத்திடம் போய், சுடலைராஜின் முன்சுழியை விரலால் தடவினாள். "இந்தா, இதப் பாருங்க. இந்த முடி இப்படித்தான் நட்டுக்கிட்டு நிக்கும். எண்ணெ வச்சாலும் படியாது, தண்ணி தொட்டுச் சீவுனாலும் படியாது. நான் எத்தன நாள் வஞ்சிருக்கேன். இந்த நெத்திய நான் எங்க கண்டாலும் சொல்லிருவேன். வெளிறுனா வெளிறிட்டுப் போட்டும், இதுவே இருக்கட்டும்."

அந்த ஆளுக்குத் தன் கையால் தொப்பி மாட்டிவிட்டவர் ரத்தினம். மாயகிருஷ்ணனுக்கு முன்சுழியே கிடையாது. இவள் புருஷனின் தலை இவள் ஞாபகத்திலிருந்தே போய்விட்டது. அந்த இடத்தில் ஒரு டீக்கடைக்காரனின் தலை உட்கார்ந்திருக்கிறது. அதை நம்பி இவள் இல்லாத முடியைச் சீவினதாகவும் வைததாகவும் சொல்கிறாள். 'அது உன் புருஷன் இல்லையம்மா' என்று சொல்ல வாயெடுத்தார். சொன்னால் இவளிடம் என்ன மிஞ்சும்? அவள் கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டுப் பையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். அதற்குப் பிறகு வேறெந்த வீட்டுக்கும் அவர் போகவில்லை.

"எல்லாம் மாத்தியாச்சு தாயி" என்று முத்துச்செல்வியிடம் சொன்னார். அவள் அவர் முகத்தையே பார்த்தாள். "சரி அண்ணாச்சி" என்றாள்.

சுடலைராஜைத் திருநெல்வேலிப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ரத்தத்தைச் சுத்தம் பண்ணுகிற மெஷினில் வாரத்துக்கு இரண்டு தரம் படுக்க வேண்டும். கொஞ்சநாள் தெம்பாக இருந்தான். டீக்கடையை எப்போது திறப்பது என்றுகூடப் பேசினான். ரத்தினம் அவனைப் பார்க்கப் போனார். பழம் வாங்கிக்கொண்டு போனவர் பழத்தைக் கொடுத்துவிட்டு வந்திருக்கலாம். மனதில் கிடந்தது அறுத்துக்கொண்டே இருந்ததால், நெற்றிக் கதையை முழுக்க அவனிடம் சொல்லிவிட்டார். மனப்பாரத்தை இறக்கிவைக்க மனுஷனுக்கு வேறு இடமா கிடைக்கவில்லை? நோயாளியின் கட்டில்தான் கிடைத்ததா? எனக்கு அந்த ஆள்மேல் இன்றைக்கும் ஆத்திரம் என்றால் அது இதற்குத்தான்.

சுடலைராஜ் முதலில் சிரித்தான். குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். "அப்ப நான் ஊரெல்லாம் திருநீறு பூசிக்கிட்டு நிக்கேன்னு சொல்லுங்க! டீக்கடைக்காரனுக்கு வந்த யோகத்தப் பாருங்க அண்ணாச்சி. யாரு யாரு வீட்டுல?"

ரத்தினம் ஒவ்வொரு பேராகச் சொன்னார். நாலைந்து பேர்வரை அவன் சிரித்துக்கொண்டுதான் இருந்தான். பிறகு சிரிப்புக் குறைந்தது. பிறகு வெறுமனே கேட்டுக்கொண்டிருந்தான். அவன் கை தானாக நெற்றிக்குப் போய், அங்கே எதுவோ ஒட்டியிருப்பது போல இரண்டு தரம் துடைத்தது.

அடுத்த தரம் ரத்தினம் போனபோது அவன் புருவம்வரை இறக்கித் துண்டு கட்டியிருந்தான். "ஃபேன் காத்து ஆகல அண்ணாச்சி" என்றான். அந்த வார்டில் மின்விசிறி ஓடவில்லை. நர்ஸ் அவிழ்க்கச் சொன்னாலும் அவன் அவிழ்க்கவில்லை. சாப்பாடு இறங்கவில்லை. மெஷினுக்குப் போகும் நாட்களில் வரமாட்டேன் என்று அடம் பிடித்தான். தை பிறப்பதற்குள் போய்விட்டான்.

டாக்டரைக் கேட்டால் கிட்னி என்பார். அது உண்மைதான். முத்துச்செல்வியைக் கேட்டால் வேறு சொல்வாள். இரண்டுக்கும் நடுவில் அந்தத் துண்டை நினைத்துக்கொண்டு ரத்தினம் எத்தனையோ நாள் கம்ப்யூட்டர் முன்னால் சும்மா உட்கார்ந்திருக்கிறார்.

உடலை வீட்டில் கிடத்தியிருந்தபோது முத்துச்செல்வியே ஸ்டூடியோவுக்கு வந்தாள். வேறு யாரையாவது அனுப்பியிருக்கலாம், அவளேதான் வந்தாள். கையில் ஒரு படம். கல்யாணமான மறுமாதம் இருவரும் இங்கே வந்து எடுத்துக்கொண்டது. சுடலைராஜ் ரிப்பன் தொப்பிதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்று வாங்கிப் போட்டு, விளிம்பைக் கண்ணுக்குமேல் சரித்து இறக்கியிருந்தான்.

ரத்தினத்துக்கு அந்த நாள் அப்படியே நினைவிருந்தது. "முயல் மயிரப் பாதரசத்துல போட்டு எடுத்துத்தாம்லே அந்தக் காலத்துல இந்தத் தொப்பிக்குத் துணி செஞ்சான். அந்தப் புகைய மோந்து மோந்து, தொப்பி செய்தவனுக்கெல்லாம் கை நடுங்கி, பல்லு கொட்டி, புத்தி பேதலிச்சுப் போச்சு" என்று கதை சொல்லியிருந்தார். தீப்பெட்டி மருந்து வாசனையிலேயே வளர்ந்த முத்துச்செல்வி, "ஐயோ பாவம்" என்றாள். சுடலைராஜ், "அப்ப பைத்தியக்காரன் செஞ்ச தொப்பியா அண்ணாச்சி?" என்று கேட்டுச் சிரித்தான். அந்தச் சிரிப்போடுதான் படத்தில் இருந்தான்.

ரத்தினம் அவசரமாகக் கம்ப்யூட்டரைத் திறந்தார். என்னத்தையாவது சரிசெய்துவிட வேண்டும் என்ற பரபரப்பு அவருக்கு. "தொப்பிய எடுத்துருதேன் தாயி. இந்த ஒரு படத்துக்குத்தான் சொந்த நெத்தி இருக்கு. அவன் நெத்தி அவனுக்கே வந்துரும். அச்சு அசலா வந்துரும்."

"வேண்டாம்" என்றாள் முத்துச்செல்வி.

"என்ன தாயி?"

"தொப்பியோடயே போடுங்க. அந்த நெத்திக்குப் போட வேண்டிய மாலையெல்லாம் ஊரு போட்டு முடிச்சாச்சு."

ரத்தினம் மவுஸிலிருந்து கையை எடுத்தார். அவள் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவருக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

"இடைசெவல்ல நீங்க மாத்தலேல்லா?" என்று கேட்டாள்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"எனக்குத் தெரியும் அண்ணாச்சி. நீங்க மாத்தியாச்சுன்னு சொன்ன வாரமே வீட்ட விசாரிச்சு நானும் போனேன். சண்டை போட்டுப் பிடுங்கி எறிஞ்சுறணும்னுதான் போனேன். அந்த மதினி காலையில காட்டுல இருந்து வந்து, மண்ணுக்கையக் கழுவிட்டு, அவிய நெத்தில திருநீறு வச்சுக் கும்பிட்டுட்டு நின்னாவ. இன்னைக்கு மழை வரும் போல இருக்குன்னு படத்துக்கிட்ட சொன்னாவ. நானும் ஒண்ணும் சொல்லாம வந்துட்டேன்." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "சீக்கிரம் போடுங்க. உடம்பு அங்கன கெடக்கு. என்னைய மட்டும் வெட்டிருங்க."

ரத்தினம் முதல்முறையாக ஒரு படத்தில் தொப்பியைத் தொடாமல் விட்டார். முத்துச்செல்வியை மட்டும் வெட்டினார். வெட்டும்போது அவள் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று தெருமுனையில் கட்டிய கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸில் சுடலைராஜ் ரிப்பன் தொப்பியோடு சிரித்துக்கொண்டிருந்தான். போகிற வருகிற வாலிபப் பிள்ளைகள் நின்று பார்த்தார்கள். வந்திருந்த சொந்தக்காரர்களுக்கு அது பிடிக்கவில்லை. சாவு வீட்டில் என்ன கூத்து இது என்று முணுமுணுத்தார்கள். சவம் எதிரே போனால் துரைமார்கூடத் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பார்கள் என்பது ரத்தினம் வழக்கமாகச் சொல்லும் கதைகளில் ஒன்று. இன்று சவத்தின் படம் தொப்பியோடு இருந்தது. கதை சொன்னவர் வெறுந்தலையோடு வெயிலில், பந்தலுக்கு வெளியே நின்றார். உள்ளே வர அவருக்குக் கால் வரவில்லை.

பாடையைக் கட்டி முடித்தார்கள். சுடலைராஜின் பெரியம்மா மகள் சின்னத் தட்டில் திருநீறும் சந்தனமும் எடுத்துக்கொண்டு பிரேம் போட்ட படத்துக்கு முன்னால் போனாள். கண்ணாடிமேல் விரலைக் கொண்டுபோனவள் தடுமாறினாள். தொப்பி விளிம்பு புருவத்தில் இடித்துக்கொண்டிருந்தது. வைக்க இடம் இல்லை.

"ஏட்டி முத்துச்செல்வி, திருநீற எங்கன வைக்க?"

உடம்பின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த முத்துச்செல்வி நிமிர்ந்து பார்த்தாள். பந்தலுக்கு வெளியே நின்ற ரத்தினத்துக்கும் கேட்கும்படியாகத்தான் சொன்னாள்.

"வைக்க வேண்டாம் மதினி. இடைசெவல்ல காலையிலயே வச்சிருப்பாவ."